காண்டாக்ட் இம்ப்ரொவைசேஷன்: அடிப்படைப் பயிற்சியும் காவிரிக் கடைமடையும்

காண்டாக்ட் இம்ப்ரொவைசேஷன் என்பது இருவரோ பலரோ உடல்படும் புள்ளியை விடாமல் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தும், உருண்டும், ஏறியும், விழுந்தும் ஆடும் நடனம். அடுத்த அசைவு என்ன என்பதை யாரும் முன்கூட்டி அமைத்து வைப்பதில்லை. பாட்டு கட்டாயமில்லை. ஒப்பனை, முத்திரை, கதை எதுவும் கிடையாது. அமெரிக்க நடனக் கலைஞர் ஸ்டீவ் பாக்ஸ்டன் 1972இல் தொடங்கிவைத்த இந்த முறையை ஆடுவோர் சுருக்கமாகக் ‘காண்டாக்ட்’ என்பார்கள். ஆசிரியர், மாணவர் என்ற பிரிவின்றிக் கூடி ஆடும் கூட்டத்துக்கு ‘ஜாம்’ என்று பெயர். தமிழ்நிலத்தில் இதன் பயிலரங்குகளும் ஜாம்களும் நடக்கும் இடமாக அறியப்பட்டது, புதுச்சேரிக்கு வடக்கே உள்ள ஆரோவில்.

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு துண்டாக, மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களுக்கு நடுவே, காவிரியின் கடைமடையில் கடலைப் பார்த்துக் கிடக்கிறது காரைக்கால். இக்கட்டுரை இந்த நடனத்தை அந்தக் கரையில் நின்று பார்க்கிறது. சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இம்மாவட்டத்தின் திருநள்ளாற்றில், பலர் தோளில் ஒரே எடையைப் பகிர்ந்துகொண்டு ஆடும் ஆட்டம் ஒன்று கோயில் மரபாகவே இருக்கிறது. காண்டாக்ட்டுக்கும் அதற்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதும் இல்லை. ஆனால் காண்டாக்ட்டின் உள்ளடக்கம் தொடுதல் அல்ல, எடை என்பதைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

தோற்றம்

அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் பிறந்த பாக்ஸ்டன் (1939–2024) இளமையில் ஜிம்னாஸ்டிக்ஸ் பயின்றவர். 1961 முதல் மெர்ஸ் கன்னிங்ஹாம் குழுவில் ஆடினார். அந்தக் குழு 1964இல் இசையமைப்பாளர் ஜான் கேஜுடன் மேற்கொண்ட உலகப் பயணத்தில் அகமதாபாத் உள்ளிட்ட இந்திய நகரங்களுக்கும் பிறகு ஜப்பானுக்கும் வந்தது. பாக்ஸ்டனும் உடன் வந்தார். ஐக்கிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையை அவர் பின்னாளில் ஊன்றிப் பயின்றார். எதிராளியின் விசையை முட்டித் தடுக்காமல் அதனோடு சேர்ந்து திரும்புவதும், அடிபடாமல் உருண்டு விழுவதும் ஐக்கிடோவின் இரு கால்கள். காண்டாக்ட் அவ்விரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டது.

இன்னொரு ஊற்று நியூயார்க்கின் ஜட்சன் தேவாலயம். 1962இல் அங்கே கூடிய இளம் கலைஞர்கள், பயிற்சி பெற்ற உடல்தான் மேடையேறத் தக்கது என்ற எண்ணத்தைக் கேள்விக்கு உட்படுத்தினார்கள். பாக்ஸ்டன் 1967இல் அமைத்த ‘சாட்டிஸ்ஃபையின் லவர்’ படைப்பில் பெருங்கூட்டம் ஒன்று மேடையைச் சாதாரணமாக நடந்து கடக்கும். சிலர் நிற்பார்கள், சிலர் நாற்காலியில் உட்காருவார்கள். அவ்வளவுதான் நடனம். அதைப் பார்த்து எரிச்சலடைந்தவர்களும் உண்டு.

1972 ஜனவரியில் ஒஹாயோவின் ஓபர்லின் கல்லூரியில் பாக்ஸ்டன் ஆண் மாணவர்களுக்கு வகுப்பெடுத்தார். அதன் முடிவில் உடற்பயிற்சிக் கூடத்து மெத்தைகளின் மேல் ‘மெக்னீசியம்’ என்ற படைப்பு அரங்கேறியது. இளைஞர்கள் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்தார்கள், மோதினார்கள், சரிந்தார்கள், எழுந்து மறுபடி விழுந்தார்கள். கடைசிச் சில நிமிடங்கள் எல்லோரும் அசையாமல் நின்றார்கள். நான்சி ஸ்டார்க் ஸ்மித் (1952–2020) என்ற மாணவி அதைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை தன்னையும் சேர்த்துக்கொள்ளக் கேட்டார். இக்கலை நிலைத்ததில் பாக்ஸ்டனுக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு அவருக்கும் உண்டு. அதே ஆண்டு ஜூனில் நியூயார்க்கின் ஜான் வெபர் கலைக்கூடத்தில் ஆணும் பெண்ணுமாக ஒரு குழு இம்முறையைப் பொதுமக்கள் முன் ஆடியது. காண்டாக்ட் இம்ப்ரொவைசேஷன் என்ற பெயரும் அப்போது வந்ததுதான். அந்த நிகழ்வுக்குப் பார்வையாளர்கள் நினைத்த நேரம் வந்து நினைத்த நேரம் போகலாம் என்று இருந்தது.

புகழ் பரவியதும் கவலையும் வந்தது. சரியாகப் பயிலாதவர்கள் கற்பிக்கத் தொடங்கிக் காயங்கள் ஏற்பட்டால் என்ன செய்வது? 1975இல் பெயரைச் சட்டப்படி பதிவுசெய்து, தகுதி பெற்றவர்களுக்கு மட்டும் கற்பிக்கும் உரிமை தரலாமா என்று முதல் தலைமுறையினர் யோசித்தார்கள், பிறகு கைவிட்டார்கள். அதற்குப் பதிலாக, ஆடுவோர் தங்கள் அனுபவத்தை ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ள ஒரு செய்தி மடல் தொடங்கினார்கள். அதுவே ‘காண்டாக்ட் குவார்ட்டர்லி’ இதழாக வளர்ந்து 2020 வரை அச்சில் வந்தது. இந்த முடிவின் விளைவு இன்றும் தெரிகிறது: காண்டாக்ட்டுக்குத் தலைமையகம் இல்லை, பட்டம் இல்லை, தேர்வு இல்லை. யாரும் தன்னை ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ளலாம். பரதத்தில் குரு பெயரைக் கேட்டாலே பாணி தெரிந்துவிடும் நம்மூர்க்காரருக்கு இது விசித்திரமாகப்படும். அந்தச் சந்தேகம் நியாயமானதும்கூட.

அன்றைக்குப் புதிதாகக் கைக்கு வந்த வீடியோ கருவி இக்கலைக்கு ஏடும் சுவடியுமாக ஆனது. ஆடும்போது என்ன நடந்தது என்று ஆடியவர்களுக்கே தெரியாது. படத்தை ஓட்டிப் பார்த்துத்தான் கற்றார்கள். 1972 நிகழ்வின் காட்சிகளைக் கொண்ட ‘ஷூட்’, பதினோரு ஆண்டு வளர்ச்சியைத் தொகுத்த ‘ஃபால் ஆஃப்டர் நியூட்டன்’ (1987) ஆகிய படங்கள் இன்றும் பாடநூல் போலப் பயன்படுகின்றன. பின்னதன் பெயரிலேயே விழுதலும் புவியீர்ப்பும் இருப்பதைக் கவனிக்கலாம். எடையைப் பகிரும் ஆட்டத்துக்குக் கண்ணோ முழு வலுவுள்ள காலோ கட்டாயமில்லை என்று தெரிந்ததும் வேறு கதவுகள் திறந்தன. பார்வையற்றோர்க்காக இங்கிலாந்தில் பாக்ஸ்டனும் ஆன் கில்காயினும் தொடங்கிய ‘டச்டவுன் டான்ஸ்’, சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் பிறரும் சேர்ந்து ஆட அமெரிக்காவின் ஆலிட்டோ அலெஸ்ஸி வளர்த்த ‘டான்ஸ்எபிலிட்டி’ ஆகியவை அப்படி வந்தவை.

அடிப்படைப் பயிற்சி

முதல் பாடம் நிற்பது. பாக்ஸ்டன் இதைச் ‘சிறு நடனம்’ என்றார். கால்களை இடுப்புக்கு நேர்கீழே வைத்து, முழங்காலைப் பூட்டாமல், கைகளைத் தொங்கவிட்டு, கண்ணை மூடியோ தாழ்த்தியோ நிற்க வேண்டும். ஐந்து நிமிடம், பழகப் பழக இருபது நிமிடம். அசையாமல் நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போதே உடல் அசைந்துகொண்டிருப்பது தெரியவரும். எடை குதிகாலுக்குப் போகும், பெருவிரலுக்குத் திரும்பும். கணுக்கால் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும். ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ள தலை கழுத்தின் உச்சியில் நிலைகொள்வதற்குள் முதுகுத் தசைகள் பல வேலைகள் செய்துவிடுகின்றன. இதில் எதையும் நாம் கட்டளையிட்டுச் செய்வதில்லை. அந்தத் தன்னியல்பான திருத்தத்தை வேடிக்கை பார்ப்பதுதான் பயிற்சி. பின்னால் ஒருவர் திடீரென்று நம் தோளில் சரியும்போது யோசிக்க நேரமிருக்காது. காப்பாற்றப் போவது இந்தத் திருத்தம்தான். புதிதாக வருபவர்களில் பாதிப்பேர் இதைச் சலிப்பான சடங்காக நினைத்துக் கடந்துவிடப் பார்க்கிறார்கள். பிறகு விழும்போதுதான் இதன் அருமை தெரிகிறது.

அடுத்தது தரை. மல்லாந்து படுத்து, உடலின் எந்தப் பகுதி தரையில் எடையை விட்டிருக்கிறது, எது பிடித்துவைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலானோர் இடுப்பையும் தாடையையும் விட மறுப்பார்கள். பிறகு உருளல்: ஒரு காலை மட்டும் குறுக்கே நீட்டி, அதன் இழுப்பில் இடுப்பு, விலா, தோள், கடைசியாகத் தலை என்று வரிசையாகத் திரும்ப விடுவது. ஐக்கிடோவிலிருந்து வந்த மூலைவாட்டு உருளல் ஒன்றும் உண்டு. ஒரு தோளின் பின்புறத்தில் தொடங்கி முதுகின் குறுக்கே எதிர் இடுப்புக்குப் போகும் பாதை அது. மோவாயை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டால் கழுத்தும் முதுகெலும்பின் முட்களும் தரையில் படாது.

மேலை நாட்டு வகுப்புகளில் மாணவர்களைத் தரைக்குப் பழக்குவதற்கே நாள்கள் செலவாகும். சம்மணமிட்டுச் சாப்பிட்டும், குந்தி உட்கார்ந்து கோலம்போட்டும், பாயில் படுத்தும் வளர்ந்த கடைமடைக்காரருக்கு இடுப்பும் கணுக்காலும் ஏற்கெனவே இறங்கத் தெரிந்தவை. இந்தச் சாதகம் நாற்காலியும் கட்டிலும் வந்த வீடுகளில் வேகமாகக் கரைந்துவருகிறது என்பது வேறு சங்கதி.

விழுவதைத் தனியே பழக வேண்டும். தடுமாறும் மனிதன் கையை நீட்டி ஊன்றப் பார்ப்பான்; மணிக்கட்டு முறிவது அப்படித்தான். காண்டாக்ட் விழுதல் சுழன்று இறங்குவது. முழங்கால் மடிய, கெண்டைக்காலின் வெளிப்புறம், தொடை, புட்டம், முதுகு என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தரையைத் தொடும்போது, ஒரே இடத்தில் வந்து விழவேண்டிய அதிர்ச்சி நீளமான பரப்பில் பங்கிடப்படுகிறது. நின்ற நிலையிலிருந்து தொடங்கக் கூடாது. குந்திய நிலையிலிருந்து, பிறகு முழங்காலிட்ட நிலையிலிருந்து, பிறகே நின்று.

இவ்வளவுக்குப் பிறகுதான் இன்னொரு உடல் வருகிறது. அதுவும் விரல் நுனியளவில். இருவர் ஆள்காட்டி விரல் நுனிகளைச் சேர்த்துக் கண்ணை மூடி நகர்வார்கள். நடத்திச் செல்பவர் யாரும் இல்லை. பிறகு அந்தப் புள்ளி முன்கைக்கு உருள்கிறது, முழங்கைக்கு, தோளுக்கு, முதுகுக்கு. உருளும் புள்ளி வழுக்கவும் கூடாது, பிரியவும் கூடாது. இங்கே வரும் கண்டிப்பான விதி ஒன்று புதியவர்களைத் திணறடிக்கும்: கையால் பிடிக்காதே. பிடித்தால் மற்றவருடைய அடுத்த அசைவை நீ தீர்மானித்துவிடுகிறாய். அவர் விழும்போது தப்பிக்கும் வழியையும் அடைத்துவிடுகிறாய்.

கபடி ஆடிய உடலுக்கு இந்த விதி தலைகீழ். ஏறிவருபவனின் வேகத்தை உடலால் கணிப்பதும், மண்ணில் அடிபடாமல் சாய்வதும், இடுப்பைத் தாழ்த்தி நிற்பதும் கபடி ஆட்டக்காரருக்குக் கைவந்தவை. காண்டாக்ட்டுக்கு அவர்கள் பாதி தயாராகவே வருகிறார்கள். ஆனால் கணுக்காலைக் கண்டதும் பாயும் கை இருக்கிறதே, அதை மறக்கவைப்பது ஆசிரியருக்குப் பெரும்பாடு.

அடுத்து எடை. இருவர் முதுகோடு முதுகு சேர்த்து நின்று, பாதங்களை மெல்ல முன்னால் நகர்த்த வேண்டும். இப்போது ஒருவர் விலகினால் மற்றவர் விழுவார். தனித்தனியாக இருந்த இரண்டு எடை மையங்கள் போய், இருவருக்கும் நடுவே பொதுவான ஒன்று உருவாகிவிட்டது. அப்படியே முழங்கால் மடக்கித் தரையில் உட்கார்ந்து, மறுபடி எழ வேண்டும். எழ முடியாமல் போனால் காரணம் பெரும்பாலும் வலுக்குறைவு அல்ல. இருவரில் ஒருவர் தள்ளிக்கொண்டோ, மரியாதைக்காகத் தன் எடையைத் தானே தூக்கிக்கொண்டோ இருப்பார். தள்ளுவது தசையின் வேலை. எடை கொடுப்பது தசையைத் தளர்த்தி எலும்பின் வழியே இறங்கவிடுவது. இந்த வேறுபாடு உடலில் பிடிபட்டுவிட்டால் காண்டாக்ட்டின் பாதி கைக்கு வந்துவிட்டது என்று சொல்லலாம். இதன் மறுபக்கம், மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு எதிரெதிரே பின்னால் சாய்வது. பிடிக்கக் கூடாது என்ற விதிக்கு இங்கே மட்டும் விலக்கு.

எடை தாங்கக் கற்கும் முதல் வடிவம் ‘மேசை’. ஒருவர் நான்கு காலில் நிற்கிறார்: தோளுக்கு நேர்கீழே மணிக்கட்டு, இடுப்புக்கு நேர்கீழே முழங்கால். மற்றவர் தன் இடுப்பை அவருடைய இடுப்பெலும்பின் மேல் குறுக்காக வைத்து, கையையும் காலையும் தொங்கவிட்டுப் படுக்கிறார். தாங்கத் தக்க இடங்கள் இரண்டே: இடுப்பெலும்பு வட்டமும் தோள்பட்டை வட்டமும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் கீழ்முதுகில் எடையை விடக் கூடாது. விட்டால் அன்றிரவே தெரிந்துவிடும். படுத்தவர் உருண்டு மறுபுறம் இறங்கும்போது, கீழே இருப்பவர் சற்றே சாய்ந்து கொடுத்தால் மேசை அலையாக மாறும். ஆட்டம் உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது.

பார்ப்பவரை வியக்கவைக்கும் தூக்கல்களும் இதன் தொடர்ச்சிதான். ஐம்பது கிலோ எடையுள்ளவர் எழுபது கிலோக்காரரைத் தோளில் ஏற்றுவதில் மாயம் இல்லை. தூக்கப்படுபவரின் எடை மையம் தாங்குபவரின் கால்களுக்கு நேர்மேலே வந்துவிட்டால், சுமை எலும்புகளின் வழியே தரைக்கு இறங்கிவிடுகிறது. கையை நீட்டித் தூக்கினால் அதே எடை நெம்புகோலின் நீளத்தால் பெருகி முதுகை வாங்கும். ஆகவே தாங்குபவர் முழங்காலை மடக்கி இடுப்பைத் தாழ்த்தி அடியில் நுழைகிறார். மேலே போகிறவர் தன் ஓட்டத்தின் வேகத்தாலேயே ஏறுகிறார். மேலே போனவர் இறங்குவதற்கான பொறுப்பும் அவருடையதே. எந்தக் கணத்திலும் கீழே இருப்பவர் நகர்ந்துவிடலாம் என்ற எச்சரிக்கையோடுதான் ஏற வேண்டும்.

திருநள்ளாற்றின் தோள்கள்

காரைக்கால் நகருக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருநள்ளாறு தர்ப்பாரண்யேசுவரர் கோயிலை வெளியூர்க்காரர்கள் சனிபகவானுக்காக அறிவார்கள். அது தியாகராசருக்குரிய ஏழு விடங்கத் தலங்களுள் ஒன்றும் ஆகும். திருவாரூர், நாகப்பட்டினம், திருக்காறாயில், திருக்கோளிலி, திருவாய்மூர், திருமறைக்காடு ஆகியவை மற்ற ஆறு. ஏழும் இந்தக் காவிரிக் கழிமுகத்துக்குள்ளேயே அடங்கிவிடும். முசுகுந்தச் சக்கரவர்த்தி இந்திரனிடமிருந்து பெற்றுவந்த ஏழு திருமேனிகள் இவை என்பது தலபுராணம். ஒவ்வொரு தலத்துக்கும் ஒரு நடனம் உண்டு. திருவாரூரில் மூச்சின் ஏற்ற இறக்கமான அசபா நடனம், நாகையில் கடலலை, திருக்காறாயிலில் சேவல், திருக்கோளிலியில் வண்டு, திருவாய்மூரில் காற்றில் அசையும் தாமரை, திருமறைக்காட்டில் அன்னநடை. திருநள்ளாற்றுக்கு உரியது உன்மத்த நடனம், பித்தனின் ஆட்டம்.

ஆடுவது இறைவன், ஆடவைப்பது தோள்கள். வீதியுலாவில் இறைவனைச் சுமக்கும் தண்டுகளைத் தோளில் ஏந்தியவர்கள் ஏறி இறங்கி, பக்கவாட்டில் அசைந்து, முன்னும் பின்னும் போய் வரும்போது தியாகராசர் ஆடுகிறார். உடலியக்கமாகப் பார்த்தால் இங்கே நடப்பது நுட்பமானது. முன்தண்டில் ஒருவர் முழங்காலைச் சற்றுக் கூடுதலாக மடக்கினால், அந்த எடை கண நேரத்தில் பின்தண்டுக்காரரின் தோளில் வந்து உட்காரும். பின்னால் இருப்பவருக்கு முன்னால் இருப்பவரின் முகம் தெரியாது. செய்தி மரத்தின் வழியே வருகிறது. முரட்டுத்தனமாக எதிர்த்தால் திருமேனி குலுங்கும். ஏற்றுக்கொண்டு திருப்பிக் கொடுத்தால் ஆட்டம் ஆகும். காண்டாக்ட் வகுப்பில் முதுகோடு முதுகு சேர்த்துக் கற்பிக்கப்படும் அதே பாடம்தான்.

இதை வைத்துக்கொண்டு ‘காண்டாக்ட் நம்மிடம் அன்றே இருந்தது’ என்று மார்தட்டக் கிளம்புவது அபத்தம். தோளேற்றுவோருக்கு அசைவின் வடிவம் மரபால் தரப்பட்டது. நாதசுரமும் தவிலும் காலத்தை அளந்து கொடுக்கின்றன. எடை தெய்வத்தினுடையது, அதைக் கீழே விடும் உரிமை யாருக்கும் இல்லை. காண்டாக்ட்டிலோ விழுவதுதான் பாடம். தாங்கும் தோளுக்கும் தாங்கப்படும் உடலுக்கும் இடையே படிநிலை கிடையாது. அடுத்த நொடி இடம் மாறிவிடும். பித்தனின் ஆட்டம் என்ற பெயர் மட்டும், எதிர்பாராததற்கு இடம் கொடுக்கும் ஒரு கலையோடு ஒத்துப்போகிறது. தாங்கிகளாக இருந்து பழகியவர்கள் காண்டாக்ட் வகுப்புக்கு வந்தால், எடை என்றால் என்ன என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்காது. தங்கள் எடையை இன்னொருவர் மேல் விடுவதற்குத்தான் கூச்சப்படுவார்கள்.

தலைகீழாகப் போவது பற்றியும் இந்த ஊருக்குச் சொல்ல ஒன்று உண்டு. கயிலையைக் காலால் மிதிக்கக் கூடாதென்று காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து போனதைப் பெரியபுராணம் சொல்கிறது. ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவில் ஊரே அவரைக் கொண்டாடுகிறது. தோள்நிலையில் காலை மேலே அனுப்பப் பயப்படும் மாணவரை ஊக்கப்படுத்த, காரைக்கால் ஆசிரியருக்கு வேறு கதை தேட வேண்டியதில்லை.

தமிழ் மேடையில் தொடுகை

மேடையில் தனி ஆளாக வளர்ந்த பரதநாட்டியத்தில் ஆடுபவரின் எடை அவருடைய பாதத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அரைமண்டியில் முதுகெலும்பு நேராக நிற்கும், பார்வை முன்னோக்கும், அடவு தரையைத் தட்டி எழும். காதலரைத் தழுவுவதைக்கூட ஒற்றை உடலே அபிநயித்துக் காட்டும். இப்படிப் பழகிய உடல் காண்டாக்ட்டுக்கு வரும்போது கால் வலுவும் தாள உணர்வும் துணைசெய்யும். மைய அச்சை விட்டுச் சரிவதுதான் கடினம்.

அந்த அச்சை உள்ளேயிருந்து அசைத்தவர் சென்னையின் சந்திரலேகா (1928–2006). 1984இல் மும்பையில் நடந்த கிழக்கு–மேற்கு நடனச் சந்திப்புக்குப் பிறகு, பரதத்தோடு களரிப்பயற்றையும் யோகத்தையும் சேர்த்து ‘அங்கிகா’வை 1985இல் படைத்தார். 2001இல் வந்த ‘சரீரா’வில் ஆணும் பெண்ணுமாக இரண்டே உடல்கள், குந்தேச்சா சகோதரர்களின் துருபத் இசையில், மிக மெதுவாக நெருங்கிப் பின்னிப் பிரியும். அது காண்டாக்ட் அல்ல. ஒவ்வோர் அசைவும் செதுக்கி அமைக்கப்பட்டது. ஆனால் தொடும் உடலைச் சென்னை மேடை நிதானமாகப் பார்க்கக் கற்றதில் அதற்குப் பங்குண்டு. அவர் குழுவில் ஆடிய பத்மினி செட்டூர் பின்னர் அமைத்த ‘பேப்பர்டால்’ படைப்பில், பெண்கள் ஒருவரோடொருவர் கோத்துக்கொண்டு சங்கிலியாக நகர்வார்கள். ஒருவரின் சாய்வு அடுத்தவரைக் கடந்து போவது கண்ணுக்குத் தெரியும்.

நாடகத்துக்காரர்களுக்கு எடைப் பகிர்வு இன்னும் பழக்கமானது. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை போன்ற இடங்களில் நடிகரின் உடற்பயிற்சி நாடகத்தின் அடித்தளமாகவே இருந்தது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் இந்திரா பார்த்தசாரதி தலைமையேற்றுத் தொடங்கிய சங்கரதாஸ் சுவாமிகள் நாடகப் பள்ளியும் இந்த வட்டாரத்தில் குறிப்பிட வேண்டிய நிறுவனம்.

இசைவும் காயமும்

ஆணும் பெண்ணும் முன்பின் அறியாதவரோடு உடல்பட உருள்வது தமிழ்ச் சமூகத்தில் சங்கடமான காரியம். மேலை நாடுகளிலும் அது அவ்வளவு எளிதாக இல்லை. ஜாம் என்ற பெயரில் எல்லை மீறியவர்களைப் பற்றிய குற்றச்சாட்டுகள் பல நாடுகளில் எழுந்து, கூட்டங்கள் எழுத்து வடிவில் நடத்தை விதிகள் வைக்கத் தொடங்கின. அவற்றின் சாரம்: எப்போது வேண்டுமானாலும் ஆட்டத்தை விட்டு விலகலாம், காரணம் சொல்ல வேண்டாம், அழைப்பை மறுப்பது அவமதிப்பு ஆகாது, காமத்துக்கு இது இடமல்ல. தலைமையகமும் தகுதிச் சான்றும் இல்லாத ஒரு கலையில் இந்த விதிகளை யார் காப்பது என்ற கேள்வி 1975இல் எடுத்த முடிவின் நிழலாகத் தொடர்கிறது. விதிகளைச் சுவரில் ஒட்டாத, முதல் வகுப்பிலேயே சொல்லாத கூட்டத்துக்குப் போகாமல் இருப்பது நல்லது.

பெண்கள் மட்டும், ஆண்கள் மட்டும் என்று தனித்தனியே தொடங்குவதில் குறையேதும் இல்லை. ஓபர்லினில் தொடங்கிய முதல் வகுப்பே ஆண்களுக்கானதுதான். இரண்டு தோழிகளோ அக்கா தங்கையோ வீட்டுக் கூடத்தில் முதுகோடு முதுகு சேர்த்து உட்கார்ந்து எழுந்தால் அதுவும் முழுமையான பயிற்சியே.

காயங்கள் பெரும்பாலும் முழங்கால், மணிக்கட்டு, கழுத்து, கீழ்முதுகு ஆகியவற்றில் வரும். நீட்டிப் பூட்டிய முழங்காலில் இன்னொருவர் எடை பக்கவாட்டில் விழுவது எல்லாவற்றிலும் மோசமானது. மோதிரம், வளையல், சங்கிலி, கொலுசு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். நகம் வெட்டியிருக்க வேண்டும். தோலில் எண்ணெய் இருந்தால் புள்ளி வழுக்கும். எலும்புத் தேய்வு, கழுத்து எலும்புச் சிக்கல், கர்ப்பம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தூக்கல்களில் இறங்கக் கூடாது; நிற்றலும் மெல்லிய உருளலும் அவர்களுக்கும் ஆகும்.

காரைக்காலிலிருந்து பயில

காரைக்காலிலிருந்து ஆரோவில்லுக்குத் தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் வழியாக ஏறத்தாழ 140 கிலோமீட்டர். பயிலரங்குகள் பெரும்பாலும் குளிர்காலத்தில், வெளிநாட்டு ஆசிரியர்கள் வந்துபோகும் பருவத்தில் நெருக்கமாக வரும். வகுப்புமொழி ஆங்கிலமாக இருக்கும். ஆனால் கற்பிப்பதில் பெரும்பகுதி செய்து காட்டலே என்பதால் மொழி பெரிய தடையாவதில்லை. பெங்களூரு, கோவா ஆகிய இடங்களிலும் இந்தக் கலைக்குக் கூட்டம் உண்டு. வாய்ப்பிருந்தால் ஜாமுக்கு முன் ஒரு வகுப்பாவது முடித்துவிடுவது நல்லது. ஜாமில் யாரும் கற்றுக்கொடுக்க மாட்டார்கள்.

உள்ளூரில் தனியே தொடங்க நினைப்பவருக்கு நிற்றலும் தரை உருளலும் போதிய வேலை தரும். கடற்கரையில் உருள ஆசை வரும். அரசலாறு கடலில் சேரும் பக்கத்தில் அலை நனைத்த மணல் சிமென்ட் தரையளவுக்கு இறுகியிருக்கும். உலர்ந்த மேல்மணலோ பாதத்தை உள்வாங்கிக் கணுக்காலைத் திருகும். விழுந்து பழகத் தடித்த பாய் விரித்த கூடமோ, பள்ளியின் கபடி மெத்தையோ அதைவிட மேல். பருத்தியில் முழுக்கைச் சட்டையும் முழங்கால் மூடிய கால்சட்டையும் போட்டுக்கொண்டால் தோல் உராயாது. சித்திரை, வைகாசி வெயிலில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும்; வியர்த்த உடலோடு இணைந்து ஆடினால் புள்ளி நிற்காது.